லாரிக் கண்ணாடியில் என் முகம்

சார், அந்த ஜன்னல் ஸ்கிரீனைக் கொஞ்சம் இழுத்து விடுறீங்களா? பஸ் டிவியில வெயில் படுது. ம், அவ்வளவுதான். இப்ப நல்லாத் தெரியுது. அப்புறம், மேல என் பை இருக்கு. அது மேல உங்க பெட்டியை வெச்சிடாதீங்க, உள்ள கேக் இருக்கு.

இந்தப் படம் பாத்திருக்கீங்களா? பாத்திருக்க மாட்டீங்க. ரெண்டு வாரம்தான் ஓடுச்சு. ஆனா இன்னிக்குத் தூங்கிடாதீங்க சார். உளுந்தூர்பேட்டை வர்றதுக்குள்ள ஒரு ஃபைட் வரும். லாரி ஷெட்டுல, கொட்டுற மழையில. அதுல நான் இருக்கேன்.

சிரிக்கிறீங்க பாத்தீங்களா. எல்லாரும் இப்படித்தான். மூஞ்சியைப் பாத்தா ஞாபகம் வரலையேம்பாங்க. வராது சார். வரக் கூடாதுங்கிறதுதான் என் வேலையே. நான் டூப்பு. ஹீரோ மாடியிலேருந்து குதிச்சா, குதிக்கிறது நான். ஹீரோ கண்ணாடியை ஒடச்சிக்கிட்டு வந்தா, வர்றது நான். முதுகு என்னுது, மூஞ்சி அவருது. இருபத்தெட்டு வருசமா என் முதுகைத் தமிழ்நாடே பாத்திருக்கு. இடது தோள்பட்டையில எலும்பு ரெண்டு தடவை போச்சு, இங்க தொட்டுப் பாருங்க, பிளேட் இருக்கு. அட, சும்மா தொடுங்க சார்.

ஆனா இந்தப் படத்துல என் மூஞ்சி வரும். தப்புதான். டூப்போட மூஞ்சி தெரிஞ்சா அந்த ஷாட்டைத் தூக்கிடணும். இதைத் தூக்கலை. எடிட்டர் சொன்னாராம், இவ்வளவு வெறி இந்தப் படத்துல வேற எங்கயுமே இல்ல, இது இருக்கட்டும்னு. லாரியோட சைடு கண்ணாடி இருக்கே, அதுல தெரிவேன். கண் சிமிட்டிட்டீங்கன்னா போச்சு. அதான் முன்னாடியே சொல்லி வெக்கிறேன்.

இப்ப ஒரு பாட்டு வரும். அதுக்கப்புறம் ஹீரோவோட தங்கச்சியைக் கடத்துவானுங்க. அதுக்கப்புறம் நம்ம ஃபைட். நேரம் இருக்கு.

நான் திண்டுக்கல் போறேன் சார். வருசா வருசம் போவேன். இன்னாசின்னு ஒரு ஃபைட்டர் இருந்தான், அவனோட நினைவு நாளு. நாளைக்கு ஆறு வருசம் முடியுது. காலையில கோயில்ல பூசை, மத்தியானம் வீட்டுல சாப்பாடு. அவன் சம்சாரம் ஜெசிந்தா எனக்குத்தான் முதல் இலை போடும். சொந்தக்காரங்க நாப்பது பேர் நிப்பாங்க, ஃபாதரே நிப்பாரு. அது எல்லாரையும் விட்டுட்டு, "அண்ணே, நீங்க உக்காருங்க"ன்னு என் கையைப் புடிச்சு உக்கார வைக்கும். கறியை அது கையாலயே போடும். எனக்குன்னு வேற வீடு இல்ல சார். எங்க வீட்டுல இருந்தவ போயிட்டா. ஒரே ஒரு தடவை கை ஓங்கினேன், அதுக்கே போயிட்டா. கவுன்ட் வெச்சு அளந்து அடிக்கிற ஆளு நான், எவ்வளவு படணும்னு எனக்குத் தெரியாதா? சரி, அது வேற கதை. வருசத்துக்கு ஒரு நாள் என்னை வா, சாப்பிடுன்னு சொல்றது அந்த ஒரு வீடுதான். பெத்த தாய் செத்த வீட்டுக்குக்கூட நான் இவ்வளவு ஆசையாப் போனதில்ல.

ஏன் எனக்கு அந்த மரியாதைன்னு கேளுங்க. இன்னாசியை நான்தான் தூக்கிட்டு ஓடினேன். செட்டுல இருநூறு பேர் நின்னான். லைட்மேன், மேக்கப்மேன், காஸ்ட்யூமர், புரொடக்‌ஷன் மேனேஜர், எல்லாரும் நின்னான். நான் ஒருத்தன்தான் தோள்ல போட்டுக்கிட்டு வேன் வரைக்கும் ஓடினேன். பிளேட் வெச்ச தோள்ல.

இந்தப் படத்தோட கதையைச் சொல்றேன். ஸ்கிரீன்ல ஓடுறது இல்ல சார், எங்க கதை.

எங்க வஜ்ரம் மாஸ்டர், ஃபைட் மாஸ்டர், பூசை போட்ட அன்னிக்கே என்கிட்ட சொன்னாரு. இந்தப் படத்துல வில்லனோட வலது கையா நீ வர்ற, டூப்பு இல்ல, உன் மூஞ்சி, உனக்கு ஒரு டயலாக்கும் உண்டுன்னு. ஒரு டயலாக் சார். "எங்க அண்ணனைத் தொடணும்னா என் பொணத்தைத் தாண்டிப் போ." அவ்வளவுதான். ஒரு மாசம் சொல்லிச் சொல்லிப் பாத்தேன். ஷேவ் பண்றப்ப சொல்லுவேன். பால் வாங்கப் போறப்ப சொல்லுவேன். பால்காரன் பயந்துட்டான்.

ஷூட்டிங்குக்கு ரெண்டு நாள் முன்னாடி டைரக்டர் ஃபைட்டர்களை வரிசையா நிக்க வெச்சுப் பாத்தாரு. சின்னப் பையன், முப்பது வயசு இருக்கும். என்னைத் தாண்டிப் போயிட்டாரு. இன்னாசி முன்னாடி நின்னாரு. இந்த மூஞ்சி நல்லா இருக்கு, இவர் பண்ணட்டும்னாரு. முடிஞ்சுது. மாஸ்டர் என்னைப் பாக்கவே இல்ல. நீ ஹீரோவுக்கு டூப்பு போட்டுடுன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

எனக்குக் கோவம் இல்ல சார். நெஜமா இல்ல. இன்னாசி யாரு, நான் யூனியன் கார்டு வாங்கிக் குடுத்த பய. திண்டுக்கல்லேருந்து வந்தப்ப எப்படி விழணும்னே தெரியாது. முழங்கையை ஊனி விழுவான். நான்தான் சொல்லிக் குடுத்தேன், தோளைச் சாச்சு விழுடான்னு. பதினாறு வருசம் என்னை அண்ணேன்னுதான் கூப்பிட்டான். அன்னிக்குச் சாயங்காலம் வந்து, "அண்ணே, நீங்க வேணாம்னா நான் செய்யல"ன்னான். போடா, போய் செய்டான்னேன். நானே சொன்னேன் சார். கோவம் இருந்தா சொல்லுவேனா?

பாட்டு வந்துடுச்சு. இந்தப் பொண்ணு இப்ப நடிக்கிறது இல்ல.

ஃபைட் எப்படி எடுப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியணும், இல்லாட்டி இது புரியாது. எல்லாமே கவுன்ட். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு மாஸ்டர் போட்டுக் குடுப்பாரு. கன்னத்துல அடிச்சா, கை கன்னத்துக்கு ஒரு சாண் முன்னாடி போகும். வாங்குறவன் தலையைத் திருப்புவான். அந்தத் திருப்புறதுதான் நடிப்பு. வயித்துல குத்தினா சட்டையில பட்டு நிக்கும், உள்ள போகாது. சத்தமெல்லாம் பின்னாடி ஸ்டூடியோவுல போடுறது.

அப்ப கை தவறி நெஜமாவே விழுந்துட்டா என்ன பண்றது? வாங்குறவன் ஐயோன்னு கத்துவான், விட்டுடுன்னு கெஞ்சுவான், செத்தேன்னு சொல்லுவான். எல்லாமே நடிப்பு, ஒருத்தனும் நிறுத்த மாட்டான். அதுக்கு எங்க யூனிட்ல ஒரு வழக்கம் உண்டு. அடிக்கிறவனோட நெஜப் பேரைச் சொல்லணும். மொட்டையா. அண்ணே, மாஸ்டர் எதுவும் கூடாது. பேர் காதுல விழுந்த அடுத்த செகண்டு கை கீழ எறங்கிடணும். எவ்வளவு பெரிய ஷாட்டா இருந்தாலும் சரி, ஏழு கேமரா ஓடினாலும் சரி. ஃபைட்டர் வீட்டுப் பொம்பளைங்களுக்குக்கூட இது தெரியும். என் பேரை அப்படி நாலு பேர் கூப்பிட்டிருக்கான். நாலு தடவையும் பாதிக் கையில நிறுத்தினவன் நான். யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க.

அன்னிக்கு ரெயின் மெஷின் போட்டிருந்தாங்க. மூணு டேங்கர் தண்ணி. லாரி ஷெட்டுக்குத் தகரக் கூரை. அந்தச் சத்தத்துல பக்கத்துல நிக்கிறவன் பேசினா கேக்காது. அதை மட்டும் மனசுல வெச்சுக்கங்க.

ஷாட் என்னன்னா, இன்னாசியை லாரிக் கதவுல சாச்சு வெச்சு, சட்டையைப் புடிச்சு ஏழு கவுன்ட் அடிக்கணும். என் முதுகுக்குப் பின்னால கேமரா. அவன் மூஞ்சி கேமராவைப் பாத்து. முதல் டேக் போனோம். சுத்தமா போச்சு. டைரக்டருக்குப் புடிக்கலை. மைக்குல சொல்றாரு, மாமன் மச்சான் வெளையாடுற மாதிரி இருக்கு, அந்த ஆளுக்குக் கோவமே இல்லையா, முதுகுல கோவம் தெரியணும்னு. முதுகுல கோவம் தெரியணுமாம். இருநூறு பேர் முன்னாடி சொல்றான் சார்.

ரெண்டாவது டேக்குக்கு நிக்கிறோம். இன்னாசி மூஞ்சித் தண்ணியை வழிச்சு விட்டுட்டு என்கிட்ட கேக்குறான். மறுநாள் எடுக்கப் போறது அவன் டயலாக்கு. "அண்ணே, 'பொணத்தை'ங்கிற இடத்துல கொஞ்சம் நிறுத்தணுமா, ஒரே மூச்சுல சொல்லிடவா?" என்கிட்ட கேக்குறான் சார். என் டயலாக்கை. ஒரே மூச்சுல சொல்லுடான்னேன். அப்பவும் எனக்குக் கோவம் இல்ல.

ஆக்‌ஷன்னாங்க.

ஒண்ணு கன்னத்துல. தாடை எலும்புல பட்டுது. பட்டுதுன்னு எனக்கே தெரிஞ்சுது. என் விரல் முட்டி வலிச்சுது. ரெண்டு, இந்தப் பக்கம். அவன் தலையைத் திருப்பவே வேண்டியதில்ல, தானா திரும்புச்சு. மூணு வயித்துல. மழைக்குச் சட்டை உடம்போட ஒட்டுதுன்னு உள்ள கட்டுற பேட் வேணாம்னுட்டாங்க. அது காஸ்ட்யூம்காரன் தப்பு. நாலு அதே எடத்துல, விலாவுக்குக் கீழ. கை உள்ள போச்சு சார். மாவுல போற மாதிரி. அஞ்சு, ஆறு, ஏழு. ஏழோட முடிஞ்சிருக்கணும். யாரும் கட் சொல்லலை. டைரக்டர் எந்திரிச்சு நிக்கிறாரு, கையைச் சுத்துறாரு, போ போன்னு. எட்டு. விலாவுல ஒண்ணு ஒடஞ்சுது. கேக்கலை, கைக்குத் தெரிஞ்சுது. ஒம்பது, பத்து மூஞ்சியில. பல்லு ஒண்ணு என் மோதிரத்துல மாட்டி இங்க கிழிச்சுது, தழும்பு பாருங்க. பதினொண்ணு நெஞ்சுல. இருபத்தெட்டு வருசத்துல நான் அடிச்சதுல சுத்தமான அடின்னா அந்தப் பதினொண்ணாவதுதான். அப்படியே வழுக்கிக்கிட்டே போய் சேத்துல உக்காந்தான். அப்புறம் சாஞ்சான். தோளைச் சாச்சுதான் விழுந்தான், நான் சொல்லிக் குடுத்த மாதிரியே.

கட். இருநூறு பேரும் கை தட்டினாங்க. டைரக்டர் ஓடி வந்து என்னைக் கட்டிப் புடிச்சுக்கிட்டாரு. என்னை. ஹீரோவை இல்ல.

அவன் என் பேரைக் கூப்பிடலை சார். அதைச் சொல்லிடறேன். கூப்பிட்டிருந்தா நிறுத்தியிருப்பேன். பதினாறு வருசத்துல ஒரு தடவைகூட என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவன் இல்ல, அன்னிக்கும் கூப்பிடலை. அப்படியே கூப்பிட்டிருந்தாலும் அந்தத் தகரச் சத்தத்துல யாருக்குக் கேக்கும்?

அதுக்கப்புறம் நடந்ததுக்கு நான் பொறுப்பில்ல. அசோசியேட் டைரக்டர் ஒருத்தன் மைக்குல கத்துறான், விழுந்தவங்க யாரும் அசையாதீங்க, கன்டின்யூட்டி, கன்டின்யூட்டின்னு. அதாவது சார், அடுத்த ஷாட்டுலயும் பொணங்க அதே எடத்துல அதே மாதிரி கெடக்கணும். இல்லன்னா ஜம்ப் ஆகும். ஒம்பது ஃபைட்டர் விழுந்து கெடந்தான். ஒம்பது பேரும் அசையலை. எங்க ஆளுங்க அப்படித்தான், எறும்பு கடிச்சாலும் கெடப்பானுங்க. அசிஸ்டென்ட் ஒரு பொண்ணு ஃபோட்டோவும் கையுமா வந்து ஒவ்வொருத்தரையும் சரி பாத்துது. இன்னாசியோட கை கொஞ்சம் மடங்கியிருந்துது போல. அது குனிஞ்சு அந்தக் கையை எடுத்து நீட்டி வெச்சுது. தேங்க்ஸ் அண்ணான்னு சொல்லிட்டுப் போச்சு.

லைட்டிங் மாத்த நாப்பது நிமிசம். நான் பத்தடி தள்ளி டீ குடிச்சிட்டிருந்தேன். பாத்தேன். கெடந்தான். கன்டின்யூட்டின்னு சொல்லிட்டாங்களே, நான் போய் எழுப்பினா என்னைத்தானே திட்டுவாங்க?

அப்புறம் ஹீரோ கேரவன்லேருந்து எறங்கினாரு. குடை புடிச்சிக்கிட்டு ஒருத்தன் கூடவே வர்றான். இன்னாசி நெஞ்சுல பூட்ஸ் காலை வெச்சு வில்லனைப் பாத்துப் பேசணும், ஒன்றரைப் பக்க டயலாக். அதுக்கு ஆறு டேக் போனாரு, "நீதி"ங்கிற வார்த்தையில தடுக்குச்சு. ஆறு தடவையும் காலை எடுத்து எடுத்து வெச்சாரு. கடைசியில ஓகே ஆனதும் சொல்றாரு, இந்த ஆளு பிரமாதம்யா, மூச்சுகூட விடலைன்னு.

அப்பத்தான் மாஸ்டர் திரும்பிப் பாத்தாரு.

நான்தான் தூக்கினேன். சொன்னேன்ல. விலா ஒடஞ்சு நுரையீரல்ல குத்தி, உள்ளுக்குள்ளயே ரத்தம் கட்டிக்கிச்சுன்னு டாக்டர் சொன்னாரு. அரைமணி நேரம் முன்னாடி கொண்டாந்திருந்தா பாக்கலாம்னாரு. போலீஸ் வந்துது. மழையில வழுக்கி லாரிப் படியில விழுந்துட்டாருன்னு மாஸ்டர் எழுதிக் குடுத்தாரு. எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். ஜெசிந்தா வந்துது. அழலை. என்கிட்ட வந்து ஒண்ணே ஒண்ணு கேட்டுது. "அண்ணே, அவரு பேர் சொல்லிக் கூப்பிட்டாரா?" இல்லம்மா, வழுக்கித்தான் விழுந்தான்னேன். என் காலைத் தொட்டுக் கும்பிட்டுது சார். தூக்கிட்டு ஓடினேன்ல, அதுக்காக.

இப்ப என்ன கஷ்டம்னா, அது இந்தப் படத்தைப் பாத்ததே இல்ல. பாக்க மாட்டேன்னு இருந்துது. இப்பப் பையன் கிளமென்ட் வேலைக்குப் போயி, செவுரு அகலத்துக்கு ஒரு டிவி வாங்கியிருக்கான். நாளைக்குச் சாப்பாடு முடிஞ்சதும் எல்லாரும் உக்காந்து அப்பா நடிச்சதைப் பாக்கப் போறாங்களாம். ஃபோன்ல சொல்லுது, "அண்ணே, நீங்க பக்கத்துல உக்காந்து எதுல எதுல அவருன்னு காட்டணும்." காட்டலாம் சார். அதுல என்ன இருக்கு?

ஆனா அது ஸ்பின்னிங் மில்லுல இருபது வருசம் வேலை பாத்த பொம்பளை. அங்க மெஷின் சத்தத்துல ஒண்ணும் கேக்காது. ஒருத்தி இந்தக் கோடியில ஒதட்டை அசைச்சா அந்தக் கோடியில இருக்கிறவ பதில் சொல்லுவா. போன வருசம் எனக்கு வீடியோ கால் போட்டுது, சத்தமே வரலை. நான் பேசின எல்லாத்துக்கும் பதில் சொல்லுச்சு. "இருமல் இருக்குன்னு சொல்றீங்க, கஷாயம் வெச்சுக் குடிங்கண்ணே"ன்னு மெசேஜ் அனுப்புது. அன்னிக்கு எனக்கு முதுகு ஜில்லுன்னு ஆயிடுச்சு சார்.

அந்த ஷாட்டை ஸ்லோ மோஷன்ல வெச்சிருக்கான் அந்த டைரக்டர் பையன். இன்னாசி மூஞ்சி ஸ்கிரீன் முழுக்க. ஒதடு அசையுது. டப்பிங்ல யாரோ "ஐயோ, அம்மா"ன்னு போட்டிருக்கான். நானும் அம்மான்னுதான் நெனைக்கிறேன். சாகிறவன் அம்மான்னுதானே சொல்லுவான்? நான் இந்த ஷாட்டை எரநூறு தடவை பாத்திருப்பேன் சார், ஆனா கண்ணாடியில என் மூஞ்சியைத்தான் பாப்பேன். அவன் வாயைப் பாத்ததில்ல. கண்ணு அங்க போக மாட்டேங்குது.

அதான் உங்ககிட்ட ஒரு உதவி கேக்குறேன். நீங்க யாரோ, நான் யாரோ. எனக்காகப் பொய் சொல்ல வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்ல. என் மூஞ்சியை வேணாலும் விட்டுடுங்க. அவன் வாயை மட்டும் பாருங்க. அம்மான்னுதான் சொல்றான்னு நீங்க சொல்லிட்டா, நாளைக்கு நிம்மதியா அந்த இலையில உக்காருவேன்.

வந்துடுச்சு, வந்துடுச்சு. தங்கச்சியைக் கடத்திட்டான். லாரி ஷெட். மழை. அதோ, சட்டையைப் புடிக்கிறது என் கை. முதுகு என்னுது. இப்ப ஸ்லோ ஆகும். வாயைப் பாருங்க சார், வாயை. ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. கண்ணாடி, கண்ணாடியில நான். பாத்தீங்களா? எப்படி இருக்கேன் பாருங்க. அஞ்சு. ஆறு. ஏழு. எட்டு. ம்.

முடிஞ்சுது.

என்ன சார், பாத்தீங்கதானே? என்னை ஏன் அப்படிப் பாக்கறீங்க? அம்மான்னுதானே சொன்னான்?

மூணு தடவையா? ஒரே வார்த்தையா?

சொல்லுங்க. பரவால்ல, வாய்க்கு எப்படித் தோணுச்சோ அப்படியே சொல்லுங்க.

பூபதியா?

சார், இவ்வளவு நேரம் பேசிட்டு வந்தேன். என் பேரை நான் உங்ககிட்ட சொல்லவே இல்லையே.

தம்பி, கண்டக்டர் தம்பி, டோல்கேட்ல கொஞ்சம் நிறுத்து. இல்லப்பா, திண்டுக்கல் இல்ல. சார், மேல இருக்கிற அந்தப் பையை மட்டும் எடுத்துக் குடுங்க. நான் இங்கயே எறங்கிக்கிறேன்.